உங்களுக்குத் தெரியுமா? காஞ்சிக்கு வழி சொன்ன பாட்டு
நெடுந்தூரம் நடந்து, முடிவில் ஒரு நகரத்தைச் சுற்றிப் பார்ப்பது புது மோகம் அல்ல. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, கடியலூர் உருத்திரங்கண்ணனார் 500 அடிகளில் பாடியது, வறிய பாணனைத் தொண்டைமான் இளந்திரையனின் கச்சிக்கு, அதாவது காஞ்சிபுரத்துக்கு, அனுப்பிவைக்கிறது. எயினர் குடியிருப்பு, ஆயர் சேரி, உழவர் ஊர், கலங்கரை விளக்கமுள்ள கடற்கரைப் பட்டினம் என்று வழி நீள்கிறது, எங்கே என்ன சாப்பாடு கிடைக்கும் என்பதுகூட உண்டு (நடப்பவருக்கு அதுதானே முக்கியம்!). அதன் பிறகே திருவெஃகா கோயிலும் நகரமும்.

பரிசிலுக்காக மன்னனைப் புகழும் பாட்டு பயணக் கையேடாகுமா என்று கேட்கலாம். தொலைவுக் கணக்கு அதில் இல்லைதான். ஆனால் புகழ்ச்சி மட்டுமே நோக்கமென்றால் வழிச்சோற்றுக்கு இத்தனை அடிகள் எதற்கு? வழியின் முடிவில், அரவின்மேல் துயில்பவராக அந்தப் பாட்டு காட்டும் திருவெஃகா பெருமாளை, காஞ்சிபுரம் யதோக்தகாரி கோயிலில் இன்றும் தரிசிக்கலாம்.