சானல்கரை வழியே ஒரு சுற்றுலா

கன்னியாகுமரிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் முனையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். விடியலில் சூரியன், பிறகு படகேறி 1970-ல் திறந்த விவேகானந்தர் மண்டபம், 2000-ல் திறந்த 133 அடி வள்ளுவர் சிலை, இரண்டையும் இணைத்து 2024 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கண்ணாடிப் பாலம். மதியச் சாப்பாடு முடிந்ததும் வண்டி திருச்செந்தூருக்கோ திருவனந்தபுரத்துக்கோ கிளம்பிவிடும். அந்த முனைக்குப் பின்னால் 1,600 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த ஒரு மாவட்டம் இருப்பதை அவர்கள் அறிவதே இல்லை. கடலோரத்தில் தென்னை, அடுத்து வயலும் வாழையும், அதற்கும் மேலே ரப்பர், மலைச்சரிவில் 2021-ல் புவிசார் குறியீடு பெற்ற கிராம்பு என்று ஓரிரு நாள் நடைக்குள் நிலம் இத்தனை தடவை மாறுகிற ஊர் தமிழ்நாட்டில் அபூர்வம். காரில் போனால் இந்த மாற்றம் கண்ணில் படாது. நடப்பதற்கு வழியும் புதிதாகத் தேட வேண்டியதில்லை. பாசனக் கால்வாய்களின் கரையாக, உள்ளூர்ப் பேச்சில் சானல்கரையாக, அது ஏற்கெனவே இருக்கிறது. அதைச் சீர்செய்து நடைப்பயணிகளுக்குத் திறந்துவிட வேண்டும் என்பதே என் வாதம்.

கரீபியன் கடலில் டொமினிக்கா என்றொரு தீவு நாடு உண்டு. பரப்பு சுமார் 750 சதுர கிலோமீட்டர், நம் மாவட்டத்தில் பாதிகூட இல்லை. எரிமலைகளால் உருவான தீவு என்பதால் விளம்பரப் படங்களில் வரும் வெண்மணல் கடற்கரை அங்கே குறைவு. மலையும் மழைக்காடும் அருவியும்தான் சொத்து. கப்பலில் வருகிறவர்கள் காலையில் இறங்கி மாலையில் ஏறிவிடுவார்கள், நம் முனையில் நடப்பதைப் போலவே. 2011-ல் அந்த நாடு தெற்குக் கோடியிலிருந்து வடக்குக் கோடிவரை 185 கிலோமீட்டர் நீளத்துக்கு வைட்டுகுபுலி தேசிய நடைபாதையைத் திறந்தது. மொத்தம் 14 பகுதிகள். கலினாகோ பழங்குடியினரின் தடங்களையும், அடிமைத்தளையிலிருந்து தப்பியவர்கள் மலைக்குள் ஒளிந்து நடந்த வழிகளையும் இணைத்தே அதன் பெரும்பகுதி அமைந்தது. முழுப் பாதையையும் நடக்கிறவர் இரவில் எங்காவது படுக்க வேண்டும், வழியில் சாப்பிட வேண்டும். அந்தக் காசு துறைமுகத்தோடு நின்றுவிடாமல் உள்ளூர்க் கிராமத்துக்குப் போகிறது. இன்னொரு தீவு நமக்கு இன்னும் நெருங்கிய முன்மாதிரி: போர்ச்சுகலின் மதீரா. மழை மிகுந்த வடபுறத்துத் தண்ணீரைத் தென்புறத் தோட்டங்களுக்குக் கொண்டுபோக நூற்றாண்டுகளாக வெட்டிய வாய்க்கால்களின் கரைதான் இன்று உலகெங்கிலுமிருந்து நடைப்பயணிகளை அங்கே இழுக்கிறது.

நம்மிடமும் அப்படியொரு வலை விரிந்து கிடக்கிறது. 1906-ல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையைத் திறந்தால், கோதையாற்றுத் தண்ணீர் தோவாளைச் சானல், அனந்தனார் சானல், நாஞ்சில்நாட்டுப் புத்தனார், பட்டணங்கால் என்று பிரிந்து கன்னிப்பூ, கும்பப்பூ இரண்டு போகத்துக்கும் பாய்கிறது. தண்ணீர் தானாக ஓட வேண்டும் என்பதால் இந்தச் சானல்களைக் குன்றுகளைச் சுற்றி மெல்லிய சரிவில் வெட்டியிருக்கிறார்கள். கரையோடு நடப்பவருக்கு ஏற்றமே தெரியாது. அறுபது வயதுக்காரரும் மூச்சு வாங்காமல் போகலாம். குறுக்கே பள்ளத்தாக்கு வந்த இடத்தில் என்ன செய்தார்கள் என்பதை மாத்தூர் தொட்டிப் பாலத்தில் பார்க்கலாம். பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், 28 தூண்களின் மீது பட்டணங்கால் தண்ணீர் ஒரு சிமென்ட் தொட்டிக்குள் ஆற்றைக் கடக்கிறது. தொட்டியை ஒட்டியே ஆள் நடக்கும் தளம். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக் குனிந்தால் தென்னங்குருத்துகள் காலுக்குக் கீழே விரிந்திருக்கும். வருகிறவர்கள் பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு வண்டிக்குத் திரும்பிவிடுகிறார்கள். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்த வயலுக்குப் போகிறது என்று கரையோடு தொடர்ந்து போகிறவர்கள் மிகக் குறைவு. எனக்கு இது பெரிய இழப்பாகத் தோன்றுகிறது.

நம் ஆட்கள் விடுமுறையில் நடக்கமாட்டார்கள் என்று சொல்வார்கள். மாசி மாதச் சிவராத்திரிக்கு முந்தின நாள் முஞ்சிறைக்கு வந்து பார்த்தால் அப்படிச் சொல்லத் தோன்றாது. காவி வேட்டியும் கையில் பனையோலை விசிறியுமாக, 'கோவிந்தா, கோபாலா' என்று கூவிக்கொண்டு கிளம்பும் சிவாலய ஓட்டக்காரர்கள் திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை என்று 12 கோயில்களைத் தொட்டு, 100 கிலோமீட்டருக்கு மேல் கடந்து திருநட்டாலத்தில் முடிக்கிறார்கள். வழியெங்கும் ஊர்க்காரர்கள் மோரும் பானகமும் கஞ்சியும் வைத்துக் காத்திருப்பார்கள். நடக்கிற கூட்டத்தை வரவேற்று உபசரிக்கும் பழக்கம் இந்த ஊர்களுக்குப் பிறர் கற்றுத்தர வேண்டியதில்லை. இன்று பலர் அதே சுற்றை வேனிலும் பைக்கிலும் முடித்துவிடுவதற்குக் காரணம் சோம்பல் மட்டுமல்ல. தார்ச்சாலையில் லாரிகளுக்கு நடுவே வெறுங்காலோடு போவது ஆபத்தாகிவிட்டது. பாதுகாப்பான மாற்றுவழி அவர்களுக்கும் தேவை.

கனமான ஆட்சேபம் காடு பற்றியது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்த பிறகு, மலையேற்றம் என்றாலே பதறுவது நியாயம். அதன்பின் அரசு 2024 அக்டோபரில் வழிகாட்டி, முன்பதிவு, கட்டணத்தோடு 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது நல்ல ஏற்பாடு. ஆனால் குமரிக் காடு யானையும் இருவாச்சியும் வாழும் சரணாலயம். அங்கே ஆயிரக்கணக்கில் ஆட்களை அனுப்பக் கூடாது என்ற கருத்தே எனக்கும். சானல்கரையைச் சொல்வது அதனால்தான். அது காட்டுக்கு வெளியே, ஊருக்கு நடுவே போகிறது. வெயிலைக் காரணம் காட்டுவோருக்கு, இரண்டு பருவமழையும் கிடைக்கும் இந்த மாவட்டத்தில் டிசம்பர் முதல் பிப்ரவரி தொடக்கம் வரை காலை நேரம் நடப்பதற்கு இதமானது என்று சொல்லலாம். சானலில் தண்ணீரும் ஓடும் காலம் அது. குப்பை வரும் என்கிற பயம் உண்மையானது, ஆனால் குப்பை ஏற்கெனவே வந்துவிட்டது. ஊர் ஒதுங்கிய கரைகளில் கோழிக்கழிவும் பிளாஸ்டிக்கும் கொட்டுகிறார்கள். 2021 நவம்பர் பெருமழையில் கரைகள் பல இடங்களில் உடைந்தன. ஆள் நடமாட்டம் உள்ள கரையில் ஆக்கிரமிப்பும் உடைப்பும் சீக்கிரம் கண்ணில் படும், கேள்வி கேட்கவும் ஆள் இருக்கும். கடைமடை விவசாயிக்கு அதுவே லாபம்.

ஒரே மூச்சில் எல்லாச் சானலையும் எடுக்க வேண்டாம். மாத்தூர் பாலத்தின் இருபுறமும் பட்டணங்கால் கரையில் 10 கிலோமீட்டரை முதலில் எடுக்கலாம். புதரை வெட்டி, கரையை மண்ணாகவே விட்டு, கிலோமீட்டருக்கு ஒரு கல் நட்டு, தமிழிலும் மலையாளத்திலும் பெயர்ப்பலகை வைத்தால் போதும். கான்கிரீட் தளமும் செல்ஃபி மேடையும் அங்கே வேண்டவே வேண்டாம். கரை நீர்வளத் துறையின் பொறுப்பில் இருப்பதால் முதல் கையெழுத்து அங்கிருந்து வர வேண்டும். மட்டிப் பழமும் சுக்குக்காப்பியும் விற்கும் கடை, இரவு தங்க வீட்டில் ஓர் அறை ஆகியவற்றை ஊராட்சிகளும் மகளிர் குழுக்களும் பார்த்துக்கொள்ளும். அங்கிருந்து திருவட்டாறு ஆதிகேசவர் கோயிலுக்கும், 9-ஆம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள் உள்ள சிதறால் மலைக்கும் கிளைப்பாதைகளை அடுத்த ஆண்டு சேர்க்கலாம்.