காற்றுப் பெட்டியைத் திறந்து பாருங்கள்

இன்ஜின் மேல் கை வைத்துப் பார்ப்பதுதான் முதல் வேலை. எந்த நிலத்திலும் ஓடும் ஏ.டி.வி. வண்டியைப் பழையதாக வாங்கப் போகிறவர், வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்வதற்கு முன்பே, பேச்சுவாக்கில் இதைச் செய்துவிட வேண்டும். சில்லென்று இருந்தால் நல்லது. வெதுவெதுப்பாக இருந்தால், அவர் வந்து சேர்வதற்குள் யாரோ அதை ஓடவிட்டு வைத்திருக்கிறார்கள். காலையில் கிளம்ப அடம்பிடிக்கும் வண்டியை நல்ல வண்டியாகக் காட்ட இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் யாரும் துண்டுக்கு அடியில் விரல் பேரத்துக்குக் கை நீட்டுவதில்லை. பலூன் போல உப்பிய நான்கு டயர், குதிரைச் சேணம் போல் கால் பரப்பி உட்காரும் சீட்டு, மோட்டார் சைக்கிள் ஹேண்டில்பார் என்று இருக்கும் இந்த வண்டிக்கும் பல் உண்டு. ஆனால் அது வெளியே தெரிகிற இடத்தில் இல்லை.

தமிழ்நாட்டில் சுற்றுலாத் தலங்களில் பத்து இருபது நிமிட வாடகைக்கு ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இது ஒரு விளையாட்டுச் சாமான். அமெரிக்காவில் அப்படியில்லை. வேலி பார்க்கப் போகிற விவசாயி, மான் வேட்டைக்குப் போகிறவர், மேற்கு வர்ஜீனியாவின் ஹாட்ஃபீல்டு-மெக்காய் மலைத்தடங்களில் வார இறுதியைக் கழிக்கிறவர் என்று பலரிடமும் அது உண்டு. ஆகவே கைமாறும் சந்தையும் பெரிது.

வண்டி பிறந்த கதையே ஒரு வியாபாரக் கதை. பனி விழுந்தால் மோட்டார் சைக்கிள் விற்காது. குளிர்காலத்தில் அமெரிக்க டீலர்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த மாதங்களில் விற்க ஏதாவது கொடுங்கள் என்று 1967இல் ஹோண்டாவின் அமெரிக்கக் கிளை ஜப்பானுக்குச் சொல்லி அனுப்பியது. ஒசாமு டகேயுச்சி என்ற பொறியாளர் இரண்டு சக்கரம் முதல் ஆறு சக்கரம் வரை வைத்துப் பார்த்து, கடைசியில் மூன்றில் நின்றார். பனி, சேறு, மணல் எதிலும் புதையாமல் போனதற்குக் காரணம் டயர். சுமார் 22 அங்குல விட்டமுள்ள, காற்று மிகக் குறைவாக அடைத்த பலூன் டயர். 89 சிசி இன்ஜினும் ஏழு குதிரைத்திறனும் கொண்ட அந்த வண்டி 1970இல் 595 டாலருக்குக் கடைக்கு வந்தது. யு.எஸ்.90 என்று பெயர், பிறகு ஏ.டி.சி.90. மறு ஆண்டே 'டைமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்' படத்தில் ஜேம்ஸ் பாண்டைப் பாலைவனத்தில் துரத்தும் ஆட்கள் ஏறி வந்தது இதில்தான்.

மூன்று சக்கரம் பார்க்க அழகு, திருப்பத்தில் ஆபத்து. பின் அச்சு ஒரே தண்டு என்பதால் இரண்டு பின் சக்கரங்களும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். வளைவில் உள்பக்கச் சக்கரம் வழுக்கிக் கொடுத்தால்தான் வண்டி திரும்பும். அதற்கு ஓட்டுபவர் உடம்பைச் சாய்த்து, எடையை மாற்றிப் பழக வேண்டும். பழகாதவரை அது கவிழ்த்துவிடும். விபத்துகள் பெருகவே, 1988இல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துடன் ஹோண்டா, யமஹா, சுசுகி, கவாசாகி, போலாரிஸ் ஆகிய ஐந்து நிறுவனங்களும் நீதிமன்ற உடன்படிக்கைக்கு வந்து, புதிய மூன்று சக்கர வண்டிகளின் விற்பனையை நிறுத்தின. விற்றுப்போனவை விற்றுப்போனவைதான், பழைய சந்தையில் இன்றும் மலிவாகக் கண்ணில் படும். சேகரிப்பாளர் வாங்கட்டும். முதல் வண்டி வாங்குகிறவர் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

நான்கு சக்கரத்துக்கு வழி காட்டியது சுசுகி. 1982இல் வந்த குவாட்ரன்னர் எல்.டி.125. ஹோண்டா 1986இல் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியைக் கொண்டுவந்தது. அதன் பிறகு சந்தை இரண்டாகப் பிரிந்தது. முன்னும் பின்னும் இரும்புச் சட்டம் வைத்து, மூட்டையும் கம்பிச் சுருளும் ஏற்றும் உழைப்பு வண்டி ஒரு வகை. தாழ்ந்து, இலேசாக, துள்ளிப் பாய்கிற பந்தய வண்டி மற்றொன்று. வாங்குபவர் தமக்கு எது வேண்டும் என்பதை விளம்பரம் பார்க்கும் முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது. யமஹா பேன்ஷீயின் இரட்டை சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் அலறலைக் கேட்டு மயங்கி, தோட்டத்து வேலைக்கு அதை வாங்கி வந்தவர் படும் பாடு சொல்லி மாளாது. டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டனும் ரிங்கும் அடிக்கடி மாற்ற வேண்டிய பொருட்கள். போதாக்குறைக்கு அவற்றில் பல, உரிமையாளருக்கு உரிமையாளர் பிரித்து மேய்ந்து 'வேகம் கூட்டிய' வண்டிகள்.

உழைப்பு வண்டிகளில் மெக்கானிக்குகள் மரியாதையோடு பேசுகிற ஒன்று உண்டு. ஹோண்டா ஃபோர்டிராக்ஸ் 300. 1988 மாடலில் தொடங்கி 2000 வரை, பெரிய மாற்றம் எதுவும் இல்லாமல் வந்தது. 282 சிசி, காற்றால் குளிரும் ஒற்றை சிலிண்டர். ரேடியேட்டர் இல்லை, அதனால் அது ஒழுகுவதும் இல்லை. கிளட்ச் லீவர் கிடையாது. காலால் கியர் மாற்றினால் கிளட்ச் தானே வேலை செய்யும். நம்மூரில் கிளட்ச் லீவர் இல்லாத ஸ்டெப்-த்ரூ வண்டிகளை ஓட்டியவருக்கு இது புரியும். ஐந்து முன் கியர், ஒரு ரிவர்ஸ். சங்கிலிக்குப் பதில் மூடிய தண்டு. பழுதாகக்கூடியவற்றை முதலிலேயே விட்டுவிட்டுச் செய்த வண்டி என்றுகூடச் சொல்லலாம். வேகம் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

அதற்கும் குறை இருக்கிறது. முன் சக்கர பிரேக், டிரம் வகை. தண்ணீருக்குள் இறங்கி ஏறினால் டிரம்முக்குள் நீரும் சேறும் புகுந்து, உள்ளே துரு ஏறி, பிரேக் பெயருக்குத்தான் இருக்கும். நான்கு சக்கரமும் இழுக்கும் மாடலில் முன் அச்சு மூட்டுகளை மூடும் ரப்பர் உறைகள் கிழிந்தால் கிரீஸ் வெளியேறி, மண் உள்ளே போய்விடும். உறை மலிவு, அதைக் கவனிக்காமல் விட்டால் மூட்டையே மாற்ற நேரும். இந்த வண்டியைப் பார்க்கப் போகிறவர், குனிந்து அந்த நான்கு ரப்பர் உறைகளையும் விரலால் பிதுக்கிப் பார்த்தாலே பாதி வரலாறு தெரிந்துவிடும்.

மீதி வரலாறு காற்றுப் பெட்டியில் இருக்கிறது. சீட்டைக் கழற்றினால் பிளாஸ்டிக் மூடி போட்ட ஒரு பெட்டி தெரியும். உள்ளே எண்ணெய் தடவிய பஞ்சு போன்ற ஏர் ஃபில்டர். ஃபில்டரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அதை நேற்று மாற்றியிருக்கலாம். அதை வெளியே எடுத்துவிட்டு, கார்புரேட்டரை நோக்கிப் போகும் ரப்பர்க் குழாய்க்குள் வெள்ளைத் துணி சுற்றிய விரலை விட்டுத் துடைக்க வேண்டும். ஃபில்டர் வடிகட்டி முடித்த பிறகு காற்று போகிற பாதை அது. அங்கே ஒரு மணல் துகள்கூட இருக்கக் கூடாது. துணி சுத்தமாக வந்தால் அந்த உரிமையாளர் நல்லவர். பழுப்பாக, நெறுநெறுவென்று வந்தால் அந்த இன்ஜின் மண் தின்றிருக்கிறது. உள்ளே போன தூசி ஆயிலோடு குழைந்து, வால்வு தேய்க்கப் பட்டறையில் பூசும் பேஸ்ட் போல் ஆகி, சிலிண்டர் சுவரையும் ரிங்குகளையும் ஒவ்வொரு அசைவிலும் அராவிக்கொண்டே இருக்கும். ஓடோமீட்டர் குறைவான மைல் காட்டினாலும் அந்த இன்ஜின் கிழடுதான். நீலப் புகை அப்புறம் வரும்.

அதனால்தான் 'எத்தனை மைல்' என்பதைவிட 'எந்த மண்ணில்' என்ற கேள்விக்கு மதிப்பு அதிகம். கலிஃபோர்னியாவின் இம்பீரியல் மணல்மேடுகளில் வளர்ந்த வண்டிக்கு நுரையீரல் வியாதி வரும். லூசியானாவின் சதுப்பில் கிடந்ததற்கு நீர்க்கோவை. வடக்கே பால் பண்ணையில் புல் கட்டு சுமந்ததற்குப் பெரும்பாலும் முதுகு வலி மட்டும்தான், அதாவது புஷ்ஷும் பேரிங்கும். எல்லா வண்டிக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. ஆனால் எந்த இடத்தை உற்றுப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடும்.

நீர்க்கோவையைக் கண்டுபிடிப்பது காபி குடிக்கிறவர்களுக்குச் சுலபம். ஆயில் டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கலாம், தேன் நிறத்தில் இருக்கலாம். பால் விட்ட காபி நிறத்தில் இருக்கக் கூடாது. அப்படி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இன்ஜின் ஆயிலை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள் பலர். முன், பின் அச்சுகளின் கியர் பெட்டிகளிலும் ஆயில் இருக்கிறது. அங்கேதான் பழைய குற்றங்கள் ஒளிந்திருக்கும். இன்ஜின் ஆயிலை மாற்றிவிட்டு வண்டியைப் பார்வைக்கு வைப்பவர், அநேகமாக அதுவரை போவதில்லை.

பெல்ட்டில் ஓடும் ஆட்டோமேட்டிக் வண்டிகளுக்கு வேறு சோதனை. போலாரிஸ் 1985இல் டிரெயில் பாஸ் வண்டியோடு இதைக் கொண்டுவந்தது; இன்று பெரும்பாலான பெரிய வண்டிகள் இந்த வகை. நம்மூர் ஸ்கூட்டரில் இருப்பதன் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். நின்ற இடத்திலிருந்து மெதுவாகக் கிளப்பும்போது தட்தட்டென்று உதறினால், பெல்ட்டில் ஓரிடம் தேய்ந்து பள்ளமாகியிருக்கிறது. பெல்ட்டை மாற்றலாம், அது பெரிய செலவல்ல. பெல்ட் ஏன் தேய்ந்தது என்பதுதான் விசாரிக்க வேண்டியது: தண்ணீருக்குள் இறக்கி ஓட்டியதாலா, பெரிய டயர் மாட்டியதாலா, எப்போதும் ஹை ரேஞ்ச் என்ற வேக கியரிலேயே பாரம் இழுத்ததாலா?

ஹவர் மீட்டர் உள்ள வண்டியில் ஒரு சின்ன வகுத்தல் கணக்குப் போடலாம். மைலை மணியால் வகுத்தால் சராசரி வேகம் கிடைக்கும். 3,000 மைல், 300 மணி என்றால் மணிக்குப் பத்து மைல், நிதானமான வாழ்க்கை. மைல் மிகக் குறைந்து மணி மட்டும் எகிறியிருந்தால் நின்ற இடத்திலேயே அதிக நேரம் ஓடியிருக்கிறது, அல்லது ஸ்பீடோ கேபிள் ஒரு காலத்தில் அறுந்து கிடந்திருக்கிறது.

பிறகு கீழே படுக்க வேண்டும். நல்ல சட்டை போட்டுக்கொண்டு போகக் கூடாத வேலை இது. டார்ச் அடித்துச் சட்டத்தின் வெல்டிங் இணைப்புகளை, குறிப்பாகக் கால் வைக்கும் இடத்துக்கும் சஸ்பென்ஷன் கைகளுக்கும் அருகே பார்க்க வேண்டும். அடிப்பக்கத்தில் மட்டும் புதுப் பெயின்ட் இருந்தால், ஏன் என்று கேட்கலாம். ஜாக்கியில் தூக்கி, ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பேரிங்கும் பால் ஜாயிண்ட்டும் பேசிவிடும். பின் சக்கரத்தைச் சுழற்றிவிட்டால் வளைந்த அச்சு தள்ளாடிக் காட்டிக்கொடுக்கும். ஹேண்டில்பார் முனைகளிலும் சுமை ஏற்றும் இரும்புச் சட்டங்களின் ஓரத்திலும் ஆழமான உராய்வு இருந்தால் வண்டி ஒருமுறையாவது உருண்டிருக்கிறது. ஹேண்டில் நேராக இருக்கும்போது சக்கரம் ஒருக்களித்து நின்றால் சந்தேகமே வேண்டாம்.

பத்திரம் பார்ப்பதில் அவசரம் கூடாது. சட்டத்தில் பொறித்த 17 எழுத்து எண்ணில் பத்தாவது எழுத்து மாடல் ஆண்டைச் சொல்லும்: ஜே என்றால் 1988, ஒய் என்றால் 2000. ஆகவே ஃபோர்டிராக்ஸ் 300 என்று காட்டி, அந்த எழுத்து இந்த வரம்புக்குள் இல்லையென்றால் ஏதோ சரியில்லை. எண் இருக்கும் இடம் தேய்க்கப்பட்டிருந்தால் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளலாம். என்.ஐ.சி.பி. என்ற காப்பீட்டுக் குற்றத் தடுப்பு அமைப்பின் இணையதளத்தில் இந்த எண்ணைக் கொடுத்து, திருட்டு வண்டியா என்று இலவசமாகப் பார்க்க முடியும். உறுப்பினர்களான காப்பீட்டு நிறுவனங்களின் பதிவுகள்தான் அதில் இருக்கும் என்பதால், காப்பீடு இல்லாத வண்டி திருடுபோயிருந்தால் அங்கே தெரியாது.

இதுவரை சொன்னது அமெரிக்கச் சந்தை. ஆஸ்திரேலியாவில் நிலைமை வேறு. கவிழும்போது ஓட்டுபவரை நசுக்காமல் காக்கும் சாதனம் இல்லாமல் குவாட் பைக் எனப்படும் விவசாய ஏ.டி.வி.யைப் புதிதாக விற்கக் கூடாது என்று 2021 அக்டோபரில் விதி வந்தது. அதை ஏற்காமல் ஹோண்டா, யமஹா, போலாரிஸ் போன்ற பெரிய பெயர்கள் அந்நாட்டில் இவ்வகை வண்டி விற்பனையிலிருந்து விலகிக்கொண்டன. அங்கே பழைய வண்டி வாங்குகிறவர், விலையில் அந்தச் சாதனத்துக்கும் ஒரு தொகையை ஒதுக்கிவைப்பது நல்லது.

குழந்தைக்கென்று பெரிய வண்டியை வாங்கி, 'வளர்ந்து ஓட்டட்டும்' என்று விடுவது சட்டை வாங்குவது போன்ற கணக்கு, இங்கே உதவாது. பெரியவர் அளவு வண்டியை 16 வயதுக்கு உட்பட்டவர்கள் ஓட்டக் கூடாது என்பது அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் எச்சரிக்கை. வண்டியிலேயே அந்த ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்.

எடுத்துப் போக வேண்டியவை அதிகமில்லை. டார்ச், வெள்ளைத் துணி, சீட்டையும் மூடியையும் கழற்ற ஒரு ஸ்க்ரூடிரைவர், குறைந்த அழுத்தம் காட்டும் காற்றுமானி. இந்த டயர்களில் மூன்று முதல் ஏழு பி.எஸ்.ஐ. வரைதான் காற்று இருக்கும். கார் டயருக்கு வைக்கும் மானியில் முள் சரியாக அசையக்கூட அசையாது. விற்பவர் காற்றுப் பெட்டியைத் திறக்க யோசித்தால், 'பரவாயில்லைங்க' என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். அடுத்த வாரமும் விளம்பரம் வரும்.