திண்ணையும் கூடமும்

புதுச்சேரி நகரின் நடுவே ஒரு கால்வாய் ஓடுகிறது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் அதன் கிழக்கே கடலை ஒட்டியிருந்த பகுதி வெள்ளை நகரம் என்றும், மேற்கே தமிழர் வாழ்ந்த பகுதி கறுப்பு நகரம் என்றும் அழைக்கப்பட்டன. தமிழர் தெருக்களுக்குள்ளும் சாதியின் பெயரால் வேறு பல எல்லைகள் இருந்தன. அவை எந்த வரைபடத்திலும் குறிக்கப்படவில்லை. ஆயினும் ஐந்து வயதுக் குழந்தைக்கும் அவை தெரிந்திருந்தன.

இதற்குக் காரணம் எளியது. பிறரை எடைபோடும் பழக்கத்தைக் குழந்தை வீட்டில்தான் கற்கிறது. வருபவர் திண்ணையோடு நிறுத்தப்படுகிறாரா, கூடத்திற்கு அழைக்கப்படுகிறாரா? அவருக்கு எந்தக் குவளையில் நீர் தரப்படுகிறது? அவர் படியிறங்கியதும் வீட்டார் என்ன பேசுகின்றனர்? இவற்றையெல்லாம் குழந்தை கவனித்துக்கொண்டே இருக்கிறது. ‘எல்லாரும் சமம்’ என்று மனப்பாடம் செய்யும் பாடத்தைக் காட்டிலும் இந்தக் காட்சிகள் ஆழமாகப் பதிகின்றன. சொந்த வழக்காற்றுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்கும் வாய்ப்பினை 1881ஆம் ஆண்டு ஆணை புதுச்சேரி மக்களுக்கு வழங்கியது. ஆனால், வீட்டுத் திண்ணையில் எந்த அரசாணையும் செல்லுபடியாகவில்லை.

அத்தகைய நகருக்கு 1908இல் புகலிடம் தேடி வந்தார் பாரதியார். பத்தாண்டுகள் அங்கு வாழ்ந்தார். தங்கம்மாள், சகுந்தலா என்னும் அவருடைய மகள்கள் வளர்ந்த அவ்வீட்டிற்கு அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் அறிந்த நண்பர்கள் வந்தனர். சாதியால் ஒதுக்கப்பட்ட இளைஞர்களும் வந்தனர். வந்தவர் யாராயினும் கூடத்தில்தான் அமர்ந்தனர். வீட்டுவேலைக்கு வந்த அம்மாக்கண்ணு என்னும் பெண்மணியின் பெயராலேயே ஒரு பாட்டு எழுதினார் பாரதியார்.

அவ்வாறு வந்தவர்களுள் ஒருவர் கனகலிங்கம். ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த அவருக்கு 1913இல் பாரதியார் தம் இல்லத்தில் பூணூல் அணிவித்துக் காயத்திரி மந்திரத்தை உபதேசித்தார். யாரேனும் வினவினால் பாரதி அணிவித்தார் என்று அஞ்சாமல் கூறும்படியும் சொல்லி அனுப்பினார். தாமே பூணூலைக் கைவிட்டிருந்தவர் பிறருக்கு அதனை அணிவித்தது ஏன் என்னும் கேள்வி இயல்பாக எழும். உயர்வின் அடையாளத்தை எல்லார்க்கும் வழங்குவது சமத்துவமா, அவ்வடையாளத்தையே விலக்குவது சமத்துவமா என்பது பின்னாளில் தமிழகம் நெடுங்காலம் விவாதித்த சிக்கல். அவ்விவாதம் எங்ஙனம் முடியினும், அந்த வீட்டுக் குழந்தைகள் அன்று பெற்ற பாடம் வேறு. தெருவில் விலக்கப்பட்ட ஒருவரைத் தந்தை அருகில் அமர்த்திக்கொண்டதை அவர்கள் அறிந்தனர்.

சகுந்தலாவின் செல்லப்பெயர் ‘பாப்பா’. சுப்பிரமணிய சிவாவின் ‘ஞானபாநு’ இதழில் 1915இல் வெளிவந்த ‘பாப்பாப் பாட்டு’ அமைந்துள்ள வரிசை ஆராயத்தக்கது. சாதி வேற்றுமை கூடாது என்று அது தொடங்குவதில்லை. விளையாட்டில் தொடங்கிக் குருவி, காக்கை, கோழி, பசு, நாய் எனக் குழந்தை நாள்தோறும் காணும் உயிர்களிடம் செல்கிறது. பின்னர்ப் பொய்யையும், இல்லாத இடத்தில் பிறரைப் பழித்துப் பேசுவதையும் விலக்கச் சொல்கிறது. சாதி பற்றிய பேச்சு வருவது அவற்றிற்கெல்லாம் பிறகே. சிட்டுக்குருவியிடம் பழகிய இரக்கமே மனிதரிடம் விரிகிறது என்னும் உளவியல் இவ்வைப்புமுறையில் உள்ளது.

இடையில் வரும் மற்றொரு கட்டளையையும் மறத்தலாகாது. கொடுமை செய்வோரைக் கண்டு அஞ்சாமல் எதிர்த்து நிற்கவும் அதே பாட்டு குழந்தையைத் தூண்டுகிறது. பிறப்பு, தோற்றம், தொழில், வறுமை ஆகியவற்றால் ஒருவரை எடைபோடாதிருத்தல் வேறு. அநீதியைக் கண்டும் வாளாவிருத்தல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதும் மயக்கம் இன்றும் பல பெற்றோரிடம் உண்டு.

செல்லம்மாள் சமையலுக்கு வைத்திருந்த அரிசியைப் பாரதியார் குருவிகளுக்கு இறைத்த நிகழ்ச்சி பலரும் அறிந்ததே. கவிஞரின் கருணையைப் போற்றிக் கூறப்படும் அந்நிகழ்ச்சியில், அன்றைய அடுப்பைப் பற்றிக் கவலைப்பட்டவர் செல்லம்மாள் என்பது பெரும்பாலும் பேசப்படுவதில்லை. வறுமையிலும் வந்தவர்க்கெல்லாம் உணவிட்ட அவரிடமிருந்தும் அக்குழந்தைகள் இரக்கம் கற்றிருக்க வேண்டும்.

பாரதியாரால் ஈர்க்கப்பட்ட கனகசுப்புரத்தினம், பாரதிதாசன் என்று பெயர் பூண்டு, நெடுங்காலம் பள்ளியாசிரியராகப் பணியாற்றினார். சகுந்தலா ‘என் தந்தை’ என்னும் நூலை எழுதினார். ஈசுவரன் தர்மராஜா கோவில் தெருவில் பாரதியார் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது. அவ்வீட்டுக் கூடத்தில் அமர்ந்த கனகலிங்கமும் தம் நினைவுகளை நூலாக எழுதினார். அதற்கு அவர் இட்ட பெயர் ‘என் குருநாதர் பாரதியார்’.