டௌன் சிண்ட்ரோம் குழந்தையின் முதல் அடி: வீட்டுத் தரையே பயிற்சிக்கூடம்

டௌன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைக்கு ஒரு வயது ஆனதும் பெற்றோர் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி, “இன்னும் நடக்கவில்லையா?” என்பதுதான்.

இக்குழந்தைகள் சராசரியாக 11 மாதத்தில் தனியே உட்காருகின்றனர். ஏறத்தாழ 2 வயதில் நடக்கின்றனர். 13 மாதத்தில் நடப்பவர்களும் உண்டு, 4 வயதுவரை எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. எப்போது நடக்கிறது என்பதைவிட, எப்படி நடக்கப் பழகுகிறது என்பதே முக்கியம்.

தாமதம் ஏன்?

21வது குரோமோசோம் கூடுதலாக ஒன்று இருப்பதால் ஏற்படும் நிலை இது. தசைகள் தொய்வாகவும் மூட்டுகளைப் பிணைக்கும் நார்கள் தளர்வாகவும் இருக்கும். கை, கால்கள் சற்றுக் குட்டையாக இருக்கும்.

விழாமல் நிற்பதற்காகக் குழந்தை கால்களை அகல விரித்து, முழங்காலை விறைப்பாக்கி, பாதங்களை வெளிப்புறம் திருப்பிக்கொள்ளும். இது பழகிவிட்டால் பின்னாளில் பாதமும் முழங்காலும் வலிக்கலாம். அதைத் தவிர்ப்பதே வீட்டுப் பயிற்சியின் நோக்கம்.

வீட்டில் செய்யக்கூடியவை

குழந்தை விழித்திருக்கும் நேரத்தில் சேலைத் தொட்டிலைவிடத் தரைவிரிப்பே நல்லது. ஒரு நாளில் பலமுறை, சில நிமிடங்கள் குப்புறப் படுக்கவைத்து, கண்ணெதிரே பொம்மையையோ உங்கள் முகத்தையோ காட்டுங்கள். மல்லாந்து படுக்கும்போது கால்கள் தவளைபோல் விரிந்தால், தொடைகளின் இருபுறமும் சுருட்டிய துண்டை வையுங்கள்.

தூக்கும்போது கைகளைப் பிடித்து இழுக்காமல், உடம்பைத் தாங்கித் தூக்குங்கள்.

நன்றாக உட்காரத் தொடங்கியதும், இரு பாதங்களும் தரையில் பதியும்படி குட்டி முக்காலியில் அமர்த்துங்கள். அதிலிருந்து எழுந்து, சோபாமீது இருக்கும் பொம்மையை எடுப்பது கால்களுக்கு நல்ல பயிற்சி. தவழும் பிள்ளைக்குத் தலையணையும் அப்பாவின் நீட்டிய கால்களும் ஏறிக் கடக்க ஏற்ற மேடுகள்.

நடைபழக்கும்போது குழந்தையின் கைகளைத் தலைக்குமேல் தூக்கிப் பிடிக்கவேண்டாம். தோளுக்குக் கீழே பிடித்தால்தான் தன் எடையைத் தானே தாங்கப் பழகும். உட்காரவைத்து உருட்டும் ‘வாக்கர்’ வேண்டாம். விபத்து அபாயமும் உண்டு.

கைவிரல்களுக்குச் சப்பாத்தி மாவு பிசைவதும் துணிக் கிளிப்பை அழுத்துவதும் உதவும். விழுங்கக்கூடிய சிறு பொருள்களைத் தரவேண்டாம்.

நடக்கத் தொடங்கிய பிள்ளைக்குச் சமதளம் மட்டும் போதாது. வாரயிறுதியில் டோபி காட் பக்கம் சென்றால், நிலையத்திற்கு அருகிலுள்ள இஸ்தானா பூங்காவிலும் ஃபோர்ட் கேனிங் குன்றின் புல்சரிவிலும் கைபிடித்து ஏறி இறங்கவிடலாம்.

சிறிது நேரம், தினமும்

2001ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், டௌன் சிண்ட்ரோம் குழந்தைகளைப் பெற்றோர் வீட்டிலேயே பிடித்துக்கொண்டு சிறிய டிரெட்மில்லில் நடக்கவைத்தனர். நாளுக்கு 8 நிமிடம், வாரத்தில் 5 நாள். வழக்கமான சிகிச்சையுடன் இதையும் பெற்ற குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறத்தாழ 100 நாள் முன்னதாகத் தனியே நடந்தனர். இக்கருவியை நிபுணரைக் கேட்காமல் வீட்டில் பயன்படுத்தக்கூடாது. ஆனால், அன்றாடம் செய்யும் சிறு பயிற்சிக்கும் பலன் உண்டு என்பதை ஆய்வு காட்டுகிறது.

கவனம் தேவை

டௌன் சிண்ட்ரோம் குழந்தைகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குப் பிறவி இதயக் கோளாறு இருப்பதால், மருத்துவரைக் கேட்டே பயிற்சியைத் தொடங்கவேண்டும். கழுத்தெலும்பு மூட்டும் தளர்வாக இருக்கலாம் என்பதால் குட்டிக்கரணமும் டிராம்போலின் குதிப்பும் வேண்டாம். கழுத்து வலி, தலைசாய்வு, திடீரென நடை தடுமாறுதல், கை பலவீனம் போன்றவை தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

உதவிக்கு

டோபி காட்டிலிருந்து வடகிழக்கு ரயில்பாதையில் அடுத்த நிலையம் லிட்டில் இந்தியா. அதன் அருகிலுள்ள கேகே மகளிர், சிறார் மருத்துவமனையில் குழந்தை வளர்ச்சிப் பிரிவு உள்ளது. 7 வயதுக்குட்பட்டோருக்கான ‘எய்பிக்’ ஆரம்பகாலத் தலையீட்டுத் திட்டம் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். 1996ல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர் டௌன் சிண்ட்ரோம் சங்கமும் குடும்பங்களுக்குத் துணைநிற்கிறது.

சிகிச்சையாளர் பிள்ளையைப் பார்ப்பது வாரத்தில் சிறிது நேரம்தான். அவர் சொல்லித்தரும் முறையைத் தாத்தா, பாட்டி, பணிப்பெண் என வீட்டில் பிள்ளையைத் தூக்கும் எல்லாரும் கற்றுக்கொள்வது நல்லது.