ஒத்திகை நேரம் – 14: தேதித்தாளின் பின்பக்கம்

எங்கள் வீட்டு அடுப்படிச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியில் இன்று காலை நான்கு தாள்கள்தான் மிச்சம். கிழித்த தாள்களை நாங்கள் எறிவதில்லை. பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். எங்கள் பேச்சு பெரும்பாலும் அதில்தான் நடக்கிறது. நான் காலை ஆறேமுக்காலுக்குக் கிளம்பும்போது என் கணவர் தூங்கிக்கொண்டிருப்பார். அச்சகத்தில் அவருக்கு மதியம் இரண்டிலிருந்து இரவு பத்து வரை வேலை. முகூர்த்த மாதங்களில் பத்திரிகை அடிக்கும் வேலை குவிந்தால் பன்னிரண்டும் ஆகும். "ரசம் அடுப்பு மேல. அப்பளம் பொரிச்சுக்கோங்க" என்று நான் எழுதிவைப்பேன். "கேஸ் வந்தாச்சு. சாவி எதிர்வீட்டு அத்தைகிட்ட" என்று அவர் எழுதியிருப்பார். படித்து முடித்த தாளை ஒரு கறுப்பு கிளிப்பில் செருகிவைப்பது அவர் வழக்கம்.

நேற்று இரவு அந்தக் கட்டைக் கையில் எடுத்தேன். முழுதும் புரட்டாமல் வைக்க மனம் வரவில்லை.

ஜனவரி, பிப்ரவரித் தாள்கள் முழுக்க ஆண்டுவிழா. இந்த ஆண்டு ஐந்து பள்ளிகளுக்கு நாடகம் பழக்கினேன். எல்லாப் பள்ளிக்கும் வேண்டியது ஏழு நிமிடம், பளபளக்கும் உடை, முன்கூட்டியே பதிவு செய்த குரல். பிள்ளைகள் வாயசைத்தால் போதும். ஒரு பிள்ளை தன் சொந்தக் குரலில், கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் தன் பாட்டிக்குக் கேட்கும்படி ஒரு வரி பேசப் பழகுவதற்காகத்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன். அதனால் பதிவுக் குரலுக்கு ஒப்புக்கொள்ள மறுத்தேன். நான்கு பள்ளிகள் ஏற்றுக்கொண்டன. ஒன்று, பாதியிலேயே எனக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டது. அன்றைய தாளில் நான் ஒன்றும் எழுதவில்லை. அவர்தான், "முகம் சரியில்லையே, என்னம்மா?" என்று எழுதியிருக்கிறார். நள்ளிரவில் வந்து, தூங்கும் முகத்தைப் பார்த்துவிட்டு எழுதியது.

நாடகம் சொல்லிக்கொடுப்பவருக்கு நம் மண்ணில் இருக்கும் பெயர் 'வாத்தியார்'. அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் சங்கரதாஸ் சுவாமிகளை நினைத்துக்கொள்வேன். 1918இல் இதே மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபை என்ற பாலர் நாடகக் கம்பெனியைத் தொடங்கியவர். நடிகர் டி.கே. சண்முகம் அதில் சேர்ந்தபோது அவருக்கு வயது ஆறு. பாலர் கம்பெனியில் வாத்தியாரும் பிள்ளைகளும் ஒரே வீட்டில் சாப்பிட்டு, ஒரே வீட்டில் தூங்குவார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு பாட்டு பிடிபடவில்லை என்றால் விடியும் வரைக்கும் சொல்லிக்கொடுக்கலாம். 'அபிமன்யு சுந்தரி'யை ஒரே இரவில் எழுதி முடித்தவர் சுவாமிகள். அவர் துறவி. வீடு திரும்பவேண்டிய நேரம் என்று ஒன்று அவருக்கு இருக்கவில்லை. தாய் தகப்பனைப் பிரிந்து ஊர் ஊராகப் போன அந்த வாழ்க்கையை இன்றைய எந்தப் பிள்ளைக்கும் நான் கேட்கமாட்டேன். ஆனால் அந்த நேரத்தைக் கேட்பேன். எனக்குக் கிடைப்பது வாரத்துக்கு ஒரு பீரியட், நாற்பது நிமிடம். அதில் பெஞ்சுகளை ஒதுக்கவும் திரும்பப் போடவும் பத்து நிமிடம் போய்விடும். மிச்சத்தைப் பள்ளி விட்ட பிறகுதான் தேட வேண்டும். அந்த நேரம் எங்கள் வீட்டிலிருந்து வருகிறது.

பங்குனித் தாள் ஒன்றில் அவர் கையெழுத்து: "நாளைக்கு லீவு சொல்லிட்டேன். மேலூர்ப் பக்கம் வள்ளி திருமணம் போடுறாங்க. போவோமா?"

போனோம். ஸ்பெஷல் நாடகம் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: அதில் ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து, ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து, பபூன் வேறோர் ஊரிலிருந்து, ஆளுக்கொரு பஸ் பிடித்து வந்து சேர்வார்கள். நேற்று வேறொருவரோடு ஆடியவர்கள். நாளை வேறொருவரோடு ஆடப்போகிறவர்கள். ஆர்மோனியக்காரர் சுருதி கொடுத்ததும் சுவாமிகள் நூறாண்டுக்கு முன் கட்டிவைத்த பாட்டும் வசனமும் அவர்களைக் கோத்துவிடும். இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி, விடியும்போது வள்ளிக்குக் கல்யாணம்.

மேடைக்குப் பின்னால், தகரப்பெட்டி மேல் உட்கார்ந்து வள்ளி வேடம் கட்டுகிற அம்மா முகத்துக்கு ரோஸ் பவுடர் போட்டுக்கொண்டிருந்தார். தோளுக்கும் காதுக்கும் நடுவில் செல்போன். "கணக்குப் பரீட்சைக்கு ஸ்கேலை இப்பவே எடுத்து வச்சுக்க. அஞ்சு மணிக்கு அப்பா எழுப்பிவிடுவாரு" என்று மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். போனை வைத்ததும் என்னைப் பார்த்து, "நீங்க யாருக்கு வாத்தியார்?" என்றார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு என்றேன். "வீட்டுக்காரர் வந்திருக்காரா?" என்று எட்டிப் பார்த்தார். அவர் வேப்பமரத்தடியில் வண்டிமேல் சாய்ந்து நின்றார். "அவருக்கு ஒரு டீ சொல்லுங்க. விடிய விடிய உக்காரணும்" என்றார்.

நள்ளிரவு தாண்டி நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் தொடங்கியது. ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும் முன் அந்த அம்மா ஒரு மூச்சு நிறுத்தினார். நாரதர் இன்று என்ன கேட்டார் என்று நிஜமாகவே கேட்டுவிட்டுத்தான் பதில் சொன்னார். அந்த ஒரு மூச்சை வகுப்பில் சொல்லிக்கொடுக்க நான் எத்தனையோ விளையாட்டுகள் வைத்திருக்கிறேன். 1963இல் வந்த வயோலா ஸ்போலினின் புத்தகத்திலிருந்து கற்ற கண்ணாடி விளையாட்டும் அதில் ஒன்று. இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஒருவர் அசைவை மற்றவர் செய்ய வேண்டும். கொஞ்ச நேரத்தில் யார் முதலில் அசைகிறார்கள் என்பதே தெரியாமல் போகும். ஒத்திகையே பார்க்காத இருவர் அதை மேடையில் செய்துகொண்டிருந்தார்கள்.

ஜூன். புது வகுப்பு, அரசுப் பள்ளி எட்டாம் வகுப்பு. 'கையில் பொருள் இல்லாமல் வீட்டு வேலை ஒன்றைச் செய்துகாட்டு' என்றேன். பல் தேய்த்தார்கள், கோலம் போட்டார்கள். கடைசியாக ஒரு பையன் வந்தான். வகுப்பில் அடிக்கடி தூங்கிவிழுவான் என்று மற்ற ஆசிரியர்கள் சொல்லியிருந்தார்கள். இல்லாத எண்ணெயில் கையை நனைத்தான். இல்லாத உருண்டையை எடுத்து உள்ளங்கையால் தட்டிப் பரப்பினான். இரண்டு கையாலும் பிடித்து வீசினான். ஒவ்வொரு வீச்சுக்கும் மாவு அகலமாவது அவன் கைகளுக்கு நடுவே தெரிந்தது. மடித்துச் சுருட்டி ஓரமாக வைத்தான். அடுத்ததை எடுக்கும் முன் நெற்றி வேர்வையைத் துடைத்தான். உள்ளங்கையால் இல்லை, மேல்கையால். கையில்தான் எண்ணெய் இருக்கிறதே. கடைசியில் வெந்ததை அடுக்கி, இரண்டு பக்கமும் கை வைத்து அடித்தான். வகுப்பில் சத்தமே இல்லை. முன் பெஞ்சில் ஒரு பிள்ளை, "சூடு சுடும்டா" என்றாள்.

அப்பா புரோட்டா மாஸ்டர். ராத்திரி பதினொரு மணி வரை இவன் கூட நிற்பான். அந்தக் கைகளிலிருந்துதான் இந்த ஆண்டின் நாடகம் பிறந்தது. ஓர் அப்பா, ஒரு மகன், ஒரு கடை, ஒரு பரீட்சை. கதை எல்லாம் பிள்ளைகள் சேர்த்துக் கட்டியது.

நவம்பர்த் தாள் ஒன்றைத் தனியாக எடுத்துவைத்திருக்கிறேன். "லேசாக் காய்ச்சல். லீவு போட்டுட்டேன். கஞ்சி குடிச்சேன். நீ பதறாம ஒத்திகையை முடிச்சிட்டு வா." அந்தத் தாளை நான் இரவு எட்டரைக்குத்தான் பார்த்தேன். உள்ளே அவர் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். எழுத்து வழக்கம்போல் நேராக இல்லை. கடைசி வரி சரிந்து தாளின் விளிம்பில் இறங்கியிருந்தது. ஆட்டோ பிடித்து ஓடினோம். டெங்கு. ரத்தத் தட்டணுக்கள் குறைந்து, ஐந்து நாள் ஆஸ்பத்திரி. போன் பண்ணியிருக்கலாமே என்று வராந்தாவில் நின்று அழுதேன். அவரிடம் கேட்டபோது, "பிள்ளைங்க மேடையேறுற நேரம்ல" என்றார். அந்தப் பதிலை இன்றுவரை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. அதன்பிறகு ஒரு ஒப்பந்தம் செய்தோம். காய்ச்சல், ரத்தம், நெஞ்சுவலி இதெல்லாம் தாளில் எழுதக்கூடாது. எந்த ஒத்திகையானாலும் போனில் சொல்லவேண்டும்.

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நாடகத்தின் இரண்டாம் காட்சியைத் திருத்திக்கொண்டிருந்தேன். படித்துக் காட்டச் சொன்னார். மகன் பள்ளிக்குப் போகமாட்டேன் என்கிறான்; அப்பா பதில் பேசுகிறார். பதினோரு வரி. கண்ணை மூடிக் கேட்டவர், "இந்த அப்பா இவ்வளவு பேசமாட்டாரும்மா. மாவு பிசையிற ஆளுக்கு மூச்சு வாங்கும்" என்றார். மூன்று வரியாக வெட்டினேன். மிச்ச இடத்தை மாவு பிசையும் கைக்குக் கொடுத்தேன்.

குழந்தைகள் தினத்துக்கு நடத்த வேண்டிய நாடகம் அது. அரங்கம் வேறு எதற்கோ வேண்டும் என்றார்கள், பிறகு எங்கள் பீரியடையே கணக்குக்கு எடுத்துக்கொண்டார்கள். டிசம்பர் முதல் வாரம், அரையாண்டுத் தேர்வு தொடங்கும் முன், வேப்பமரத்தடியில் ஒரு மதியம் போட்டுவிட்டோம். மைக் இல்லை, திரை இல்லை. பிள்ளைகளின் குரல் சுற்றுச்சுவர் வரைக்கும் போனது. பையனின் அப்பா தோளில் துண்டோடு பின்னால் வந்து நின்றார். தன் மகன் தன்னைப் போலவே மேல்கையால் வேர்வை துடைத்த இடத்தில் சட்டென்று தன் கையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். நாலு மணிக்குக் கடையில் கல் சூடாக வேண்டும். முடிவைப் பார்க்காமலே கிளம்பிப் போய்விட்டார். எனக்கு அது பெரிய குறையாக இருந்தது.

மறுவாரம் பையன் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றான்.

"மிஸ், கடைசியில என்ன ஆச்சுன்னு அப்பா கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"சொல்லல மிஸ். கடை பூட்டுனதுக்கு அப்புறம் நடிச்சுக் காட்டினேன். மாவு பக்கத்துலதான் இருந்துச்சு. தொடாமத்தான் செஞ்சேன்."

"அப்பா?"

"அப்பா வேஷத்தை அப்பாவே எடுத்துக்கிட்டாங்க. மூணு வரிதானன்னாங்க."

அன்று இரவு இதைத் தாளில் எழுதத் தொடங்கினேன். இரண்டு பக்கமும் நிறைந்துவிட்டது. இன்னொரு தாளுக்கு நாள் இன்னும் முடியவில்லை. பேனாவை மூடிவிட்டு, அவர் வரும்வரை விழித்திருந்தேன்.

(தொடரும்)