துபாயும் சிங்கப்பூரும் ஒரே தூரம். டிக்கெட்டில் காட்டும் நேரத்தில் ஏன் இத்தனை வித்தியாசம்?

சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் இருந்து துபாயும் சிங்கப்பூரும் ஏறக்குறைய ஒரே தொலைவு: வான்வழியில் சுமார் 2,900 கிலோமீட்டர். ஆனால் காலை 10 மணிக்குக் கிளம்பினால் துபாயில் பகல் 12.45 அளவில் இறங்கிவிடலாம். சிங்கப்பூரில் மாலை 4.30 தாண்டிவிடும்.

சிங்கப்பூர் விமானம் மெதுவாகப் போகிறதா? இல்லை. இரண்டும் நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம்தான். டிக்கெட்டில் புறப்படும் நேரம் நம்மூர்க் கடிகாரப்படி இருக்கும்; இறங்கும் நேரம் அந்த ஊர்க் கடிகாரப்படி. துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். அந்த வித்தியாசத்தைக் கழித்தோ கூட்டியோ பார்த்தால்தான் நீங்கள் உண்மையில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்கப் போகிறீர்கள் என்பது தெரியும்.

மணிக்கு 850 கிலோமீட்டர் பறக்கிற விமானத்துக்கு 2,900 கிலோமீட்டர் போக மூன்றரை மணி நேரம் போதாதா? பறப்பதற்குப் போதும். ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்க வரிசையில் காத்திருப்பது எல்லாம் டிக்கெட் நேரத்தில் சேரும்.

லண்டன் போகும்போது கூடுதலாகவும் திரும்பும்போது குறைவாகவும் பயண நேரம் காட்டுகிறதே? மேற்கில் இருந்து கிழக்காக உயரத்தில் வீசும் பலத்த காற்றோட்டம் (ஜெட் ஸ்ட்ரீம்) அதற்குக் காரணம். சுமார் 8,200 கிலோமீட்டர் போகும்போது எதிர்க்காற்று. வரும்போது அதே காற்று பின்னால் இருந்து தள்ளுவதால் ஒரு மணி நேரம்கூட மிச்சமாகலாம்.

இனி கட்டாயம் கவனிக்க வேண்டியது தேதி. சென்னையில் இருந்து வெளிநாட்டு விமானங்கள் பல நள்ளிரவிலும் விடியற்காலையிலும்தான் கிளம்புகின்றன. டிக்கெட்டில் 15ஆம் தேதி, அதிகாலை 1 மணி என்று இருந்தால், வீட்டை விட்டு இறங்க வேண்டியது 14ஆம் தேதி இரவு. 15ஆம் தேதி ராத்திரிதானே என்று நினைத்தால் விமானம் முந்தின இரவே போயிருக்கும்.

எத்தனை மணிக்குக் கிளம்புவது? பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். வெளிநாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் போவது நல்லது. அப்படியென்றால் இரவு 10 மணிக்கு விமான நிலையத்தில் இருக்க வேண்டும். நாவலூர்க்காரர்கள் பழைய மகாபலிபுரம் சாலையில் (ஓ.எம்.ஆர்.) சோழிங்கநல்லூர், துரைப்பாக்கம் தாண்டி ரேடியல் ரோட்டில் பல்லாவரம் போய்ச் சேரும் வழி, கம்பெனிகள் விடுகிற நேரத்தில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், ஓ.எம்.ஆரில் மெட்ரோ வேலை வேறு. சாலைக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி, எட்டரைக்கே காரில் ஏறிவிடுங்கள். லேட்டானால் சமாளிக்கலாம் என்று நம்ப வேண்டாம். பெட்டி வாங்கும் கவுன்டரைப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள்.

இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் ‘+1’ என்று இருக்கிறதா? மறுநாள் போய்ச் சேருவீர்கள் என்று அர்த்தம். அழைத்துப் போக வருகிறவரிடம் தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஓட்டல் அறையையும் அந்தத் தேதிக்கே போடுங்கள்.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் பெற்றோர் வழியில் விமானம் மாற வேண்டியிருக்கும். காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு முழு நாள் ஓடிவிடும். இன்சுலின் போடுகிறவர்கள், நேரம் பார்த்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள், எந்த ஊர் நேரப்படி எடுத்துக்கொள்வது என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். மருந்தைச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டியில் போட்டுவிட்டால் பறக்கும்போது கைக்குக் கிடைக்காது.