ஏரி வாரியமும் குடிமராமத்தும்

செங்கற்பட்டுச் சீமையில் ஏரியில்லாத கிராமம் அரிது. மேலேரியின் கலங்கல் நீர் கீழேரியை நிரப்பி, எஞ்சியது மாமல்லபுரத்தை அடுத்த கடலோரக் கழிகளை நோக்கி வடிகிறது. ஓர் ஊரார் வரத்துக்காலைத் தூர்ந்துபோக விட்டால் அடுத்த ஊராரின் பயிரும் காயும். மேலதிகாரியின் ஏவலின்றி ஊராரே கூடி இவ்வேலையைச் செய்துகொள்ளும் ஏற்பாடு நிலைப்பதற்கு வேண்டுவது யாது?

பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த உத்திரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) இதனை ஒருவாறு விளக்குகின்றன. குடும்புக்கு ஒருவராகக் குடவோலையால் எடுத்த 30 பேருள் 6 பேர் ஏரி வாரியஞ் செய்தனர். பதவி 360 நாளே. முந்திய 3 ஆண்டுகளில் வாரியஞ் செய்தவர் மீண்டும் வரலாகாது. கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். உறவினரையும் விலக்கியது கடுமையே. எனினும் கிராமக் கணக்கின் போக்கை அறிந்தவர் இதன் காரணத்தை உணர்வர். நிலமும் கல்வியுமே தகுதியாயிருந்தமையால், கரையில் மண் சுமந்தவருக்கு அச்சபையில் இடமில்லை. அக்குறையை நாம் பின்பற்ற வேண்டுவதில்லை.

செலவுக்குப் பொருள் எங்கிருந்து வந்தது? 1767 முதல் 1774 வரை பார்னார்டு துரை இச்சீமையை அளந்தபோது எடுத்த கணக்குகளில், களத்து நெல்லைப் பங்கிடுமுன் ஏரிக்கென ஒரு பாகம் ஒதுக்கப்பட்டமை காணப்படுகிறது. கம்பெனியார் ஆட்சியில் இத்தகைய ஒதுக்கீடுகள் சுருங்கின. பின்னர் 1858ஆம் வருஷத்து 1-வது சட்டம், வழக்கமான மராமத்துக்கு வராதவரிடம் அவ்வேலைக்கூலியில் இருமடங்கு வசூலிக்க வழிசெய்தது. பொருளை எடுத்துக்கொண்டு உழைப்பை மாத்திரம் கேட்டால் எந்தக் குழு நிலைக்கும்?

2017இல் மணிமங்கலம் ஏரியில் தொடங்கப்பெற்ற குடிமராமத்துத் திட்டத்தில், பாசனதாரர் சங்கங்களே வேலையை நடத்தவும், செலவில் 10-இல் 1 பங்கை உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ தரவும் விதிக்கப்பட்டது. நல்ல விதியே. ஆயினும் சங்கத்தின் பேரால் ஒப்பந்தக்காரரே வேலையை முடித்தனரென்ற புகார் பல இடங்களில் எழுந்தது. கூடாத சங்கத்துக்குக் கையெழுத்து மட்டுமே எஞ்சும்.

ஆதலால் மிராசுதார்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் கோடையில் ஏரி வற்றியிருக்கும்போதே ஊரைக் கூட்டுதல் நலம். ஏக்கரா விகிதப்படி ஒரு சிறு தொகையை ஏரிக்கென ஒதுக்கி, வரவு செலவை ஊரறியப் படிக்கவேண்டும். குத்தகைதாரரையும் கூலியாட்களையும் குழுவில் சேர்த்து, உறுப்பினரை வருஷந்தோறும் மாற்றுக. கடைமடை நிலக்காரர் ஒருவரேனும் அதில் இருத்தல் அவசியம். மதகில் பழுதுண்டானால் முதலில் பயிர் வாடக் காண்பவர் அவரே.